சிலிண்டர் மாதிரி ஒரு சத்தம்

காலி கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்துப் போன சிலிண்டர்காரன் முருகன், வாசல் கேட்டில் கால் இடறி அதைக் கைநழுவ விட்டுவிட்டான். சிலிண்டர் இரும்புக் கேட்டில் மோதிக் கீழே விழுந்து ஒரு சுற்று உருண்டது. ணங்ங்ங் என்று எழுந்த சத்தம் சட்டென்று அடங்கவில்லை. சந்து முழுக்க நின்று, பிறகு மெல்லத் தேய்ந்தது.

உள்ளே கட்டிலில் கிடந்த அருள்பிரகாஷின் கண்கள் சன்னல் பக்கம் திரும்பின.

அவனுடைய வலது கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த பானுமதி அதைப் பார்த்துவிட்டாள். வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வந்து அவனுக்குப் பிசியோதெரபி செய்பவள் அவள்.

"ஜெயராணி, இங்க வாங்க! சீக்கிரம் வாங்க!"

அவன் மனைவி ஜெயராணி சமையலறையில் கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றில் போட்டிருக்கும் குழாய் வழியாகத்தான் அவனுக்குச் சாப்பாடு. சிறு கட்டி இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியைக் கீழே வைக்காமலேயே வந்து நின்றாள்.

"சத்தத்துக்குத் திரும்புனாருங்க. நான் பாத்தேன். அந்த சிலிண்டர்காரர மறுபடி ஒரு தடவ அடிக்கச் சொல்லுங்க."

பயந்துபோய் நின்ற முருகன், தன்னைத் திட்டவில்லை என்று தெரிந்ததும் திருகு சாவியால் சிலிண்டரை ஓங்கித் தட்டினான். கண்கள் மறுபடி திரும்பின. மூன்றாம் முறை தட்டியபோது திரும்பவில்லை.

"எப்படியும் ரெண்டு தடவ," என்றாள் பானுமதி. அவள் முகம் சிவந்திருந்தது.

"ஆமாங்க, ரெண்டு தடவ," என்று சொல்லிவிட்டு ஜெயராணி கஞ்சியை வடிகட்டப் போனாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு, கார்த்திகை மழையில், சித்தேரி மலையிலிருந்து இறங்கிவந்த அருள்பிரகாஷின் பைக் அடிவாரத்து வளைவில் சேற்றில் சறுக்கிவிட்டது. விதைக் கம்பெனி ஒன்றில் விற்பனை அலுவலர் அவன். சாமை விதை விஷயமாக மலைக்காரர்களிடம் பேசிவிட்டு வந்த வழியில் இது நடந்தது. சேலத்தில் நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரி. அதன்பிறகு, உயிருக்கு ஒன்றும் பயமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பாப்பிரெட்டிப்பட்டி வீட்டில், சந்துப் பக்கம் பார்த்த அறையில் கட்டில் போட்டார்கள். கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. கொட்டாவி விடுவான். தும்முவான். அவ்வளவுதான்.

ஜெயராணி மூன்றாம் நாளோடு அழுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அது தானாக நின்றுபோனது. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் விரலுக்குக் கன்னம் தெரியும், கன்னத்துக்கு விரல் தெரியாது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வேலைகளில் ஒரு குறை இல்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைத்தாள், முதுகு துடைத்தாள், பவுடர் போட்டாள், நகம் வெட்டினாள். அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். பிள்ளைகள் இல்லை. பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது, "கல்லாட்டம் இருக்கறா பாரு," என்று பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை வந்தபோது பானுமதி விஷயத்தை விடவில்லை.

"தினமும் அந்த மாதிரி ஒரு சத்தம் காதுல விழுந்தா நல்லதுங்க. தாழ்ந்த சத்தமா, கொஞ்ச நேரம் நிக்கற மாதிரி. காத்துல அடிக்கற விண்ட்சைம் இருக்குது பாருங்க, அது மாதிரி. ஆனா குட்டியா கிலுகிலுன்னு அடிக்கறது வேண்டாம். பெருசா, உலோகத்துல. இதால எந்திரிச்சு நடந்துருவாருன்னு நான் சொல்ல மாட்டேன். அத மட்டும் நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கலீங்க," என்றாள் ஜெயராணி. உண்மையில் அவள் எதையும் நினைக்கவில்லை.

முதலில் போனிலேயே ஒன்று வரவழைத்தாள். வந்தது ஒரு சாண் உயரத்தில், சாவிக்கொத்தை ஆட்டியதுபோல் சத்தம் போட்டது. அருள்பிரகாஷ் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஷகிலாவின் பூனை மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. திருப்பி அனுப்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஷகிலாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தருமபுரி போனாள். பஸ் நிலையத்தைச் சுற்றியிருந்த கடைகளில் மீன் பொம்மை தொங்குவதும் யானை தொங்குவதும் சிவப்புக் கயிறு கட்டியதுமாக நிறைய இருந்தன. ஒரு கடைக்காரர், "எந்த மூலைக்குங்க மாட்டப் போறீங்க? வாயு மூலைக்குன்னா ஆறு குழா, ஈசானியம்னா அஞ்சு," என்று வாஸ்து சொல்லத் தொடங்கினார். அவள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். ஏற்காட்டில் பங்களா வைத்திருப்பவர்கள் சேலத்தில்தான் தோட்டச் சாமான் வாங்குவார்கள் என்று ஷகிலாவின் வீட்டுக்காரர் சொன்னார். அதற்கடுத்த சனிக்கிழமை சேலம் போனாள்.

ஏற்காடு ரோட்டில் இருந்த அந்தக் கடையின் உரிமையாளர் அப்துல் சுபான் அறுபது வயதுக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "எந்த மாதிரி பாக்கறீங்கம்மா?" என்று கேட்டார்.

"சிலிண்டர் மாதிரி சத்தம் வரணுங்க."

"எது, கேஸ் சிலிண்டரா?"

"ஆமாங்க. காலி சிலிண்டர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஜெயராணி சிரிக்காமல் காரணத்தைச் சொன்னாள். யாரோ மூன்றாம் மனுஷியின் கதையைச் சொல்வதுபோல், பைக் சறுக்கியது, நாற்பத்தொரு நாள், முருகன் தட்டியது, இரண்டு தடவை திரும்பியது, மூன்றாவது திரும்பாதது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அப்துல் சுபான் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, கடைப்பையனை அழைக்காமல் தானே ஏணி வைத்து ஏறினார்.

மொத்தம் நான்கு இறக்கினார். முதலாவது செம்பு முலாம் பூசியது, பார்க்க அழகு. அவள் ஒரு குழாயைச் சுண்டிவிட்டு, உதடு அசையாமல் எண்ணினாள். ஏழு எண்ணுவதற்குள் சத்தம் போய்விட்டது. இரும்புக் குழாய் பதினொன்று. வெண்கலம் பதினெட்டு வரை நின்றது, ஆனால் கோயில் மணி போல் கூர்மையாகக் காதைத் துளைத்தது. நான்காவது அலுமினியம். ஆறு குழாய்கள், கட்டைவிரல் நுழையும் அளவு வாய், நல்ல கனமான தகடு. நீளமான குழாய் அவள் மார்பு உயரம் இருந்தது. அதன் நடுவில் மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டினாள். பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டி மேசையில் ஊன்றினால் மேசையே முனகும். அது போல் ஒரு முனகல். பதினைந்து, இருபது. வெளியே லாரி ஒன்று போனது, அதற்குப் பிறகும் கேட்டது. இருபத்தாறில் நின்றது.

"இதுங்க," என்றாள்.

"மத்த குழாயெல்லாம் தட்டிப் பாக்கலியே?"

எல்லாவற்றையும் தட்டினாள். ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளவில்லை. சேர்ந்து ஒலித்தபோதும் கீழே பெரிய குழாயின் சத்தம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்துல் சுபான் அதைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "குழாயப் புடிச்சுத் தூக்காதீங்க, மேல வளையத்தப் புடிச்சுத்தான் தூக்கணும். கயிறு சிக்கிக்கிச்சுன்னா இழுக்காதீங்க, தரையில படுக்க வெச்சுப் பொறுமையா எடுங்க. புளி, சாம்பல் எதுவும் வேண்டாம். ஈரத்துணி, அப்புறம் காஞ்ச துணி, அவ்வளவுதான். நடுவுல தொங்கற கட்டைக்கு மழைக்கு முந்தி ஒருக்கா எண்ணெ காட்டுங்க. முடிச்சுங்கள வாராவாரம் பாத்துக்குங்க. ஆடிக் காத்துல மட்டும் வெளிய உடவே உடாதீங்க. கழட்டி உள்ள வெச்சிருங்க." பிறகு ஒரு சுருள் கயிறு கூடுதலாகக் கொடுத்தார். அவள் கிளம்பும்போது, "உங்க வூட்டுக்காரருக்கு துஆ செய்றேன்மா," என்றார்.

"சரிங்க," என்றாள். படி இறங்கிய பிறகுதான் நன்றி சொல்லியிருக்கலாம் என்று பட்டது. திரும்பிப் போகவில்லை.

பஸ்ஸில் போர்வை சுற்றிய அந்தப் பொட்டலத்தை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். மஞ்சவாடி வளைவுகளில் உள்ளே குழாய்கள் முனகின. கண்டக்டர் குனிந்து காது கொடுத்துப் பார்த்து, "என்னம்மா, போர்வெல்லுக்குப் பைப்பா? அழுவுது?" என்று கேட்டார். முன் சீட்டில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

கிரில் பட்டறை முனிராஜ் வந்து சன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, ஒரு இரும்புக் கை வைத்துக் கொக்கி போட்டுக் கொடுத்தார். குழாய்கள் சுவரில் இடிக்கக் கூடாது, சந்துக் காற்று மட்டும் நேராகப் பட வேண்டும் என்று ஜெயராணி அளந்து சொன்னாள். மாட்டியதும் காற்று இல்லை. மறுநாள் மாலை மலைப் பக்கமிருந்து கொஞ்சம் வந்தது. அடியில் தொங்கிய தகடு திரும்ப, நடுக்கட்டை ஆட, பெரிய குழாய் முதலில் பேசியது.

மூன்றாம் நாள் அருள்பிரகாஷின் கண்கள் சன்னலுக்குப் போயின. ஜெயராணி ஒரு நோட்டை எடுத்து, ஆய்வகத்தில் செய்வதுபோலக் கோடு போட்டு எழுதினாள். தேதி, நேரம், காற்று, கண். பங்குனி முடிய நாற்பது முறை எழுதியதில் ஒன்பது முறை கண் திரும்பியிருந்தது. பானுமதி அந்த நோட்டைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயராணி தன் கை பிடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள்.

விஷயம் பரவியது. அருள்பிரகாஷின் அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் பங்கிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். கட்டிலைச் சுற்றி நின்று செபமாலை சொன்னார்கள். சொல்லி முடித்து எல்லாரும் சன்னலைப் பார்த்தார்கள். வெயில் கொளுத்தியது, ஓர் இலை அசையவில்லை. கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஸ்தனிஸ்லாஸுக்குப் பொறுக்கவில்லை, வெளியே போய்க் கையாலேயே குழாய்களைத் தள்ளிவிட்டார். தடதடவென்று மோதின. அருள்பிரகாஷ் கொட்டாவி விட்டான்.

"எங்க கண்ணுக்குக் காட்ட மாட்டேங்கறான்," என்றார் ஸ்தனிஸ்லாஸ், குரல் உடைய. "உனக்குத்தான்மா காட்டறான். நீ குடுத்து வெச்சவ."

"டீ போடட்டுங்களா மாமா?" என்று கேட்டாள் ஜெயராணி.

எல்லாரும் போன பிறகு சிக்கிக்கொண்ட கயிறுகளைப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது. தரையில் பாய் விரித்து, காற்றுமணியைப் படுக்க வைத்து, ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் நெகிழ்த்தினாள். இழுக்கவே இல்லை.

சனிக்கிழமை காலைகள் அதற்கென்று ஆகிவிட்டன. வளையத்தைப் பிடித்து இறக்கி, ஈரத்துணியால் ஒவ்வொரு குழாயாகச் சுற்றித் துடைத்து, பிறகு காய்ந்த துணி. வாய்க்குள் குளவி கூடு கட்டாமலிருக்க ஒரு குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளே விட்டு எடுப்பாள். முடிச்சுகளை வெளிச்சத்தில் பார்ப்பாள். அதே கையோடு வெந்நீர் வைத்து அவனைத் துடைப்பாள். விரலிடுக்கு, காதுமடலின் பின்புறம், முழங்கால் மடிப்பு.

"அவரத் தொடைக்கற மாதிரியே இதையும் தொடைக்கற ஜெயா," என்றாள் ஷகிலா ஒருநாள், கதவில் சாய்ந்துகொண்டு.

ஜெயராணி யோசித்துப் பார்த்தாள். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

ஷகிலாவுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. வைகாசியில் ஜெயராணி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், பித்தளைக் குடம் விளக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுப் பெரிய குழாயைத் தேய்த்துவிட்டாள். ஜெயராணி வந்து பார்த்தபோது பாதிக் குழாய் கறுத்துத் திட்டுத் திட்டாக இருந்தது. ஷகிலா கையில் தேங்காய் நாரோடு விழித்துக்கொண்டு நின்றாள்.

"பரவால்லக்கா," என்றாள் ஜெயராணி.

"போவவே மாட்டேங்குதுடி. மூணு தடவ கழுவிட்டேன்."

"பரவால்லக்கா. சத்தத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"நாலு வார்த்த திட்டிரு ஜெயா. நீ இப்படிப் பரவால்ல பரவால்லன்னு சொன்னா எனக்குப் பயமா இருக்குது."

ஜெயராணி திட்டுவதற்கு ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்," என்றாள்.

வைகாசியில் நோட்டில் ஒரே ஒருமுறை. ஆனியில் ஒன்றும் இல்லை. பானுமதி பக்கங்களைப் புரட்டிவிட்டு, "சில பேருக்கு இப்படி வந்து போவுங்க," என்று மட்டும் சொன்னாள். ஜெயராணி கோடு போடுவதை நிறுத்தவில்லை. தேதி, நேரம், காற்று எழுதி, கண் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள்.

ஆடி பிறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. காற்று அதற்குள் வந்துவிட்டது. அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு அவனைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்தாள். காற்றுமணி அடித்துக்கொண்டிருந்தது. நான்கு மாதமாக அடிப்பதுதான். கொஞ்ச நேரம் போனது. மேற்கிலிருந்து ஒரு வீச்சு வந்து ஆறு குழாயையும் வாரி அடித்தது, விட்டது, மறுபடி அடித்தது.

அப்போது அவள் அதைக் கேட்டாள்.

இவ்வளவு சத்தமா? என்ன ஒரு நாராசம்! தலைக்குள் யாரோ அண்டாவைப் போட்டு உருட்டுகிற மாதிரி. பெரிய குழாயின் முனகல் பல்லைக் கூசச் செய்தது. இதையா இருபத்தாறு எண்ணித் தேடி வாங்கிவந்தோம்? எரிச்சல் அவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பி மேலே ஏறியது. எரிச்சல்தான் என்று அடையாளம் தெரிந்துகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காது சுட்டது, உள்ளங்கை வேர்த்தது.

எழுந்து வெளியே ஓடி, இரண்டு கைகளாலும் ஆறு குழாய்களையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தாள். சத்தம் நின்றது. ஆனால் அதிர்வு நிற்கவில்லை, அவள் விலா எலும்புகளில் கொஞ்ச நேரம் ஓடியது. சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அருள்பிரகாஷ் கூரையைப் பார்த்துக் கிடந்தான்.

"போதும்!" என்று கத்தினாள். "கேக்குதா இல்லியா உங்களுக்கு? இல்லன்னா இல்லன்னு தொலைய வேண்டியதுதான? தலையில மாட்ட வேண்டிய ஹெல்மெட்ட டேங்க் மேல வெச்சிட்டு வந்தீங்களே! தலைக்கு மேல எதுவும் இருக்கக் கூடாதோ உங்களுக்கு? வேர்க்குமா? அந்த ஹெல்மெட்டுல ஒரு கீறல் இல்ல. ஒரு கீறல் கெடையாது! நான் இங்க உக்காந்து குழா தொடைக்கறேன்! குழா!"

ஹெல்மெட்டைப் பற்றி அவள் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. போலீஸ்காரர் பையில் போட்டுக் கொடுத்ததை அப்படியே பரணில் வைத்திருந்தாள்.

ஷகிலா தலையில் முக்காடு இழுத்துக்கொண்டே ஓடிவந்தாள். ஜெயராணியைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள்.

"ஜெயா, உன் பக்கம் பாத்தாருடி. நீ கத்துனப்ப பாத்தாரு. நான் கண்ணால பாத்தேன்."

"பாத்தா பாக்கட்டும்," என்றாள் ஜெயராணி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "இந்தச் சத்தம் எனக்குப் புடிக்கவே இல்லக்கா. நல்லாவே இல்ல."

"எனக்கும்தான்," என்றாள் ஷகிலா மெதுவாக. "எம் புள்ள ஹீனா காதுல பஞ்ச வெச்சுக்கிட்டுத்தான் படிக்கறா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

ஜெயராணி அவளை முறைத்தாள். "சொல்ல வேண்டியதுதான? நாலு மாசமா வாய்ல என்ன வெச்சிருந்தீங்க? புளியப் போட்டுத் தேய்க்க மட்டும் தெரியுது."

ஷகிலாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இருவருமாக வளையத்தைப் பிடித்துக் காற்றுமணியை இறக்கினார்கள். குழாய்களுக்கு நடுவே துண்டுகளைச் செருகிச் சுருட்டி, பீரோவுக்கு அடியில் தள்ளினார்கள். ஜெயராணி நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டாள். கண் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டாள். தான் பார்க்காததை அவள் எழுதுவதில்லை.

பிறகு உள்ளறையில் பாய் போட்டுப் படுத்தாள். புரட்டிப் படுக்க வைக்க நேரமானால் எழுப்பும்படி ஷகிலாவிடம் சொன்னாள். ஷகிலா எழுப்பவில்லை, ஹீனாவைக் கூப்பிட்டு அவளோடு சேர்ந்து தானே புரட்டிவிட்டாள். ஜெயராணி ஐந்தரைக்குத்தான் எழுந்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள் விழுந்திருந்தன.

அடுத்த நாள் பானுமதியிடம் தன் முடிவைச் சொன்னாள். காற்றுமணி காலை எட்டிலிருந்து பத்து வரை தொங்கும், அதுவும் ஆடி போன பிறகு. மற்ற நேரம் உள்ளே இருக்கும்.

"ரெண்டு மணி நேரம் போதும்தான்," என்றாள் பானுமதி. "ஆனா ஏன் திடீர்னு?"

"எனக்குத் தூங்கணுங்க," என்றாள் ஜெயராணி.

பானுமதி அவன் இடது கையை எடுத்து மடக்கத் தொடங்கினாள். ஜெயராணி சமையலறைக்குப் போய் டீ போட்டாள். பானுமதிக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தன் டம்ளரோடு வாசல்படியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை குறைவாக இருந்தது. எழுந்து உள்ளே போய் இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள்.